வாசலைப் பார்த்த பெட்டி

அட்டைப்பெட்டியிலிருந்து புது டிவியை என் மகன் உருவியபோது தெர்மாகோல் கிறீச்சிட்டது. அதே சத்தத்தை முதன்முதலில் தாராவியில் கேட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

தோல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, எங்கள் கல்லிக்கே, அந்தக் குறுகிய சந்துக்கே, முதல் டிவியை வாங்கிவந்து வாசலைப் பார்த்து வைத்தார். வீடு பத்துக்குப் பத்து. பார்க்க வந்தவர்களோ நாற்பது பேர்.

"நம்ம வீட்டுப் பெட்டிய நாமளே தெருவுல உக்காந்தா பாக்கணும்?" என்றாள் அம்மா.

"வெளிய காத்து வரும்லா," என்றார் அப்பா.

அப்படியேதான் பார்த்தோம், கவிழ்த்துப் போட்ட தண்ணீர் ட்ரம்களிலும் சாக்கடை மூடிக் கல்லிலும் உட்கார்ந்து. இந்தி புரியாத அம்மாவுக்கு எதிர்வீட்டு பாத்திமா அக்கா ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே இருப்பாள். மழை பிடித்தால் குடை முதலில் பெட்டிக்குத்தான்.

இப்போது மும்பையின் இன்னொரு கோடியில், முலுண்ட் அடுக்குமாடி வீட்டில், ஐந்து வருடத்தில் இது மூன்றாவது டிவி. போட்டதுமே, "யார் பார்க்கிறீர்கள்?" என்று திரை கேட்டது. எனக்குச் சுருக்கென்றது.

"நாலு பேருக்கும் தனித்தனி ப்ரொஃபைல் போட்டுட்டேம்மா. உனக்குப் பிடிச்சத இனி அதுவே எடுத்துக் காட்டும்," என்றான் மகன்.

"எனக்குப் பிடிச்சத முடிவு பண்ண அது யாருல? நாலையும் அழி. ஒண்ணே ஒண்ணு வையி."

"என்ன பேரு வைக்க?"

"எல்லாரும்னு வையி."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எழுந்துபோய் வாசல் கதவை விரியத் திறந்தேன். திரும்பிவந்து, டிவியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன்.