மச்சான் கை வைத்த வண்டி

விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற சாலையில் கார் பட்டறை வைத்திருந்த அடைக்கலத்துக்கு ஊரில் யார் மேலும் பகை கிடையாது. மனைவி டெய்சியின் தம்பி சாவியோவை நினைத்தால் மட்டும் வயிறு எரியும்.

சாவியோ மஸ்கட்டில் கார் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு 2006இல் திரும்பி வந்தான். பெட்டியைத் திறந்து முடிப்பதற்குள் ஊரெல்லாம் பேச்சு. பட்டறைக்கு வருகிறவர்கள் வண்டியைக் காட்டுவதற்கு முன்னால், "மச்சான் வந்துட்டாராமே, இங்க இல்லீங்களா?" என்று எட்டிப் பார்த்தார்கள். அடைக்கலம் காதில் விழாதவர் போல ஸ்பானரைத் துடைப்பார். துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைப்பார்.

அவருக்கென்று ஒரு பெருமை இருந்தது. அது செராமிக் கம்பெனி முதலாளி கலியமூர்த்தியின் கார். கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறிக்கொள்ளும். பழைய ஜப்பான் வண்டி, இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். முதலாளி வண்டியே அடைக்கலத்திடம் போகிறது என்றுதான் மற்ற வண்டிகளும் அவரைத் தேடி வந்தன. சாவியோ கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் பட்டறைக்கு இடம் பார்க்கிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து, அந்த வண்டி அங்கே போய்விடுமோ என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்த வண்டி படுத்தது. டிரைவர் தங்கதுரை ஓட்டி வந்தான், கூடவே முதலாளியும் வந்தார்.

"முன்னுக்குப் போற கியர்ல போட்டா சித்த நேரம் யோசிக்குதுண்ணே. அப்புறம் முதுகுல ஒதச்ச மாதிரி கெளம்புது. பாலத்து மேல இஞ்சின் கத்துது, வண்டி ஏற மாட்டேங்குது" என்றான் தங்கதுரை.

"கியர் ஆயில் பாத்தியா?"

"தெனம் காலையில பாக்குறேன். ஃபுல்லா இருக்குது."

அடைக்கலமும் பார்த்தார். இஞ்சினை நிறுத்தி, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, செருகி, மறுபடி உருவினார். அம்பாசிடரோ ஜீப்போ, அவர் தொட்ட வண்டி எதுவானாலும் ஆயில் பார்ப்பது அப்படித்தான். கம்பியில் ஆயில் நிறைந்துதான் இருந்தது. அடியில் குனிந்து பார்த்தார். களிமண் காயப்போடும் களத்தில் நிற்கிற வண்டி, அடியெல்லாம் வெள்ளைப் புழுதி அப்பியிருந்தது. அது என்றைக்கும் உள்ளதுதானே.

"உள்ள பிளேட்டு தேஞ்சி போச்சு மொதலாளி. கியர் பெட்டிய எறக்கணும்."

"எறக்குனா திரும்ப ஏத்திடுவியா?"

அப்படி ஒரு பெட்டியை அவர் பிரித்ததே இல்லை. "ஏத்திடலாங்க" என்றார், ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே.

முதலாளி யோசித்தார். "எதுக்கும் ஒன் மச்சானையும் ஒரு வார்த்த கேளேன்."

அந்த ஒரு வார்த்தையை அவர் கேட்கவில்லை. கழுத்தில் கத்தி வைத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். டெய்சிதான் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் சாவியோ தேய்த்த சட்டையில் வந்தான். வந்தவனுக்கு டெய்சி முட்டை தோசை ஊற்றிக் கொண்டுவந்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து பட்டறைக்கு ஒரு தோசை வந்தது கிடையாது. அடைக்கலம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவியோ பாலம் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பினான். இஞ்சினை நிறுத்தவில்லை. பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு இடத்திலும் போட்டு எடுத்தான். ஓடுகிற இஞ்சினோடு இறங்கி வந்து கம்பியை உருவினான்.

அடைக்கலத்துக்குக் குளுகுளுவென்று இருந்தது. "மஸ்கட்டுல இதான் சொல்லிக் குடுத்தாங்களா? ஓடுற வண்டியில எவன்டா ஆயில் பாப்பான்?"

"இந்தப் பெட்டிக்கு ஓடும்போதுதான் பாக்கணும் மாமா. இஞ்சின நிறுத்திட்டா மேல சுத்துற ஆயிலு கீழ வடிஞ்சிரும். ஃபுல்லா இருக்குதுன்னு கம்பி பொய் சொல்லும்."

கம்பியின் நுனி மட்டும்தான் நனைந்திருந்தது. சாவியோ ஆயிலை மோந்து பார்த்தான், விரலில் தேய்த்துப் பார்த்தான். "கருகின வாசனை இல்ல, பொடியும் இல்ல. பிளேட்டு நல்லாதான் இருக்குது. எங்கியோ ஒழுவுது."

அடியில் படுத்து, ஆயில் குழாய் சேருகிற இடத்தில் உருண்டையாகக் கட்டியிருந்த களிமண்ணைத் திருப்புளியால் பெயர்த்தான். மேலே வெள்ளை, உள்ளே கியர் ஆயிலின் நிறத்தில் செக்கச்செவேலென்று ஈரம். ஒழுகிய ஆயிலைப் புழுதி மூடி, மூடியதன் மேல் மறுபடி ஒழுகியிருக்கிறது. களத்தில் சொட்டியதையும் களிமண் குடித்துவிட்டதால் தரையில் கறையே இல்லை. அந்த உருண்டையை அடைக்கலம் முந்தின நாள் பார்த்தவர்தான். மண் என்று விட்டுவிட்டார்.

வாஷரை மாற்றி, ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளவு பார்த்தார்கள். லீவரைப் போட்டதும் வண்டி பூப்போல நகர்ந்தது. முதலாளி வந்தார்.

"மாமாதான் கண்டுபுடிச்சாங்க. நான் சும்மா ஆயில் ஊத்துனேன்" என்றான் சாவியோ, கையைத் துடைத்துக்கொண்டே.

அடைக்கலம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வண்டியும் அவரிடமே நிற்கும், பேரும் நிற்கும். ஆனால் அவன் தூக்கிப் போட்டதை இவர் எடுத்துக்கொள்வதா? இருந்த எரிச்சல் இரண்டு மடங்கானது.

"பொய் சொல்றான் மொதலாளி. நான் பெட்டிய எறக்கச் சொன்னேன். எறக்கியிருந்தா ஒங்க வண்டி இங்கியே குந்திக்கிட்டு இருக்கும். பாத்தது இவன்தான்."

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இனிமே இவன்கிட்டியே விட்டுரட்டுமா?"

"விடுங்க."

வண்டி போன பிறகு சாவியோ பக்கத்தில் வந்தான். "ஏன் மாமா அப்படி சொல்லிட்டீங்க? ஒங்களுக்காகத்தான நான்..."

"அதான்டா எரியுது. வண்டிய மட்டும் புடுங்கியிருந்தா ஒன்ன நாலு ஏச்சு ஏசிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். வேலையும் தெரிஞ்சி வச்சிருக்க, நல்லவனாவும் இருக்க. ரெண்டையும் நீயே எடுத்துக்கினா நான் என்னாத்தடா எடுத்துக்கறது?"

டெய்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்கு அதுவும் பொறுக்கவில்லை.

அடுத்த மாதம் சாவியோ பட்டறை திறந்தான். பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். முதலாளியின் வண்டி வாசலில் முதலாவதாக நின்றது. அடைக்கலம் வர மாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரோ சலவை வேட்டியில் வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்தார், இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார். பட்டறை எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம், "எல்லாம் நல்லாதான் இருக்குது. ஷட்டருதான் கோணலா மாட்டியிருக்கான்" என்றார்.

ஷட்டர் நேராகத்தான் இருந்தது.