பழி வாங்க எழுந்து நடந்த பட்டுக்கை

அவர் கத்தி கன்னத்தில் ஓடினால் தூக்கமே வந்துவிடும். அதனால் அந்த சலூன்காரருக்குப் பட்டுக்கை என்றே பேர். அந்தக் கைதான் ஒருநாள் மரத்துப்போய்க் கத்தியை நழுவவிட்டது. மூளையை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி. கெட்டது இல்லை, எடுத்துவிடலாம் என்று டாக்டர் நாள் குறித்தார்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் போகாததுமாக, கடையில் கூட வேலை பார்த்த மச்சினன் பூட்டையே மாற்றிவிட்டான்! "மாமா இனிமே கத்தி பிடிச்ச மாதிரிதான்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் இளித்தானாம்.

ஆபரேஷன் முடிந்த அன்று மாலை, கரண்டியால் ஊட்டிக்கொண்டே மனைவி அத்தனையும் கொட்டிவிட்டாள்.

"என் தம்பின்னு பாக்காதீங்க. எந்திரிச்சு வந்து அவன் சட்டையப் பிடிங்க."

அந்த வார்டில் யாரையும் நாள்கணக்காகப் படுக்கப்போட்டு வைப்பதில்லை. அன்றே சாப்பாடு, சீக்கிரமே குழாய்களைக் கழற்றுவது, மறுநாளே நடை. சீக்கிரம் தேறி வீட்டுக்குப் போகத்தான் இத்தனையும். ஆனால் இவரோ வலி மாத்திரையைத் தொடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வைராக்கியமாம்!

"வலிக்குதாண்ணே?" என்றாள் மறுநாள் காலை நர்ஸ். மச்சினன் கதையை அவளும் மனைவியிடம் கேட்டிருந்தாள்.

"எனக்கென்ன வலி? வலியெல்லாம் அவனுக்கு வச்சிருக்கேன்."

"அப்ப நடங்க, பாப்போம்."

கட்டிலை விட்டு இறங்கியவர் அடுத்த நொடியே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மச்சினன் மேல கோபம்னா மாத்திரைய ஏண்ணே பழிவாங்குறீங்க? வலி அடங்குனாத்தான் நடை. நடந்தாத்தான் வீடு. வீட்டுக்குப் போனாத்தான் அவன் கழுத்து."

"குடு தாயி, ரெண்டாக் குடு!"

"ஒண்ணு போதும். கழுத்து எங்கயும் ஓடிறாது."

அப்புறம் பார்க்கணுமே அந்த நடையை! மச்சினன் நெஞ்சில் மிதிப்பதாக நினைத்தே ஒவ்வொரு எட்டும் வைத்தார். கைக்குப் பயிற்சி என்று கொடுத்த ரப்பர் பந்தை, அவன் குரல்வளை என்றே பிசைந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் பந்தை விடவில்லை. விரல்கள் சொன்னபடி கேட்கத் தொடங்கின. வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் தலையாட்டினார். நேரே கடைக்குத்தான்!

உள்ளே நல்ல கூட்டம். மச்சினன் முகம் வெளுத்துப்போனது.

"உக்காருடா மாப்ள. ஷேவ் பண்ணி விடறேன்."

"எதுக்கு மாமா, நீங்க ரெஸ்ட்..."

"கை போச்சுன்னு நீதானப்பா சொன்ன? உக்காரு, பாத்துடலாம்" என்று காத்திருந்தவர்கள் அவனை நாற்காலியில் அமுக்கினார்கள்.

நுரை தடவினார். கத்தி கன்னத்தில் இறங்கி, தாடையைச் சுற்றி, கழுத்தில் வந்து நின்றது. துளி நடுக்கம் இல்லை.

"சாவி எங்கடா?"

விழுங்கக்கூடப் பயந்து, பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான்.

அவர் ஒரு கீறல்கூடப் போடவில்லை. அவன் ஆசையாக வளர்த்த மீசையில் மட்டும் சரியாகப் பாதியை வழித்தெடுத்துவிட்டு, துண்டை உதறினார்.

"எந்திரிடா. மீதிய உங்கக்கா எடுப்பா. வாசல்லதான் நிக்கிறா."