பரிசல் உறங்கும் மேடும் வீடு நிற்கும் பள்ளமும்

நீர்க்கரையில் ஒரு வீடு வேண்டும், வாசற்படி இறங்கினால் படகில் கால் வைக்க வேண்டும் என்று விழையும் என் அன்பிற்குரியோரே! உங்கள் முன் ஒரு முறையீட்டோடு நிற்கிறேன். கரை என்று சொல்லி நமக்கு நீரின் படுக்கையை விற்கிறார்கள். ஒரே வரிசையில் நான்கு வீடுகள். மூன்று விற்றுவிட்டன. நான்காவதை வாங்கச் சென்றவன் நான். மூன்றாம் வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தையின் பெயரோ, பெற்றோரின் ஊரோ எனக்குத் தெரியாது. அந்த அறியாமைதான் மூன்று நாள்களாக என்னை உறங்கவிடாமல் அலைக்கழிக்கிறது.

சென்ற ஆண்டு விடுமுறையில் எங்கள் பேரப்பிள்ளைகள் இருவரும் பூலாம்பட்டியில் விசைப்படகேறி அக்கரை சென்று வந்தார்கள். பெரியவளுக்கு அகவை ஒன்பது, சிறியவனுக்கு ஆறு. அன்றிலிருந்து அவர்கள் வாயில் படகைத் தவிர வேறு பேச்சில்லை. பணி ஓய்வுக்குப் பின் சங்ககிரியில் வாழும் எனக்கும் என் துணைவி தேன்மொழிக்கும், ஆண்டில் இரண்டு முறையேனும் அவர்கள் வந்து தங்க ஒரு வீடு அமைந்தால் போதும் என்றிருந்தது. மூன்று வரையறைகள் வைத்தோம்: வீட்டருகே படகுத்துறை வேண்டும், ஆண்டின் பெரும்பகுதி நீர் நிற்க வேண்டும், சங்ககிரியிலிருந்து மூன்றரை மணி நேரத்திற்குள் சென்றடைய வேண்டும். பூலாம்பட்டிக் கதவணையருகே நீர்மட்டம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. ஆனால் விலைக்கு வீடு கிடைக்கவில்லை. அப்போதுதான் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேற்பகுதியில், கொளத்தூருக்கு அப்பால், 'படகுத்துறையுடன் கூடிய கரையோர இல்லம்' என்ற விளம்பரம் தேன்மொழியின் கைப்பேசிக்கு வந்தது.

சென்ற ஞாயிறு, ஆனி மாதத்தின் மூன்றாம் வாரம், காலை 6.10க்குப் புறப்பட்டோம். வாடகை மகிழுந்து, ஒரு நாளுக்கு 2,800 உருபா, எரிபொருள் உட்பட. ஓட்டுநர் செல்வராசு முன்பு வடநாடு வரை சரக்குந்து ஓட்டியவர். எடப்பாடி, சலகண்டாபுரம் வழியாக மேட்டூருக்கு எங்கள் வண்டியின் கணக்குப்படி 51 கி.மீ. சாலை நன்று. 7.35க்குச் சேர்ந்தோம்.

மேட்டூரில் தேநீர் 12 உருபா. கடையின் தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது: மேலேயுள்ள அணைகள் நிரம்பிவிட்டன, உபரிநீர் திறக்கப்படுகிறது, மேட்டூர் நீர்மட்டம் நூற்றெட்டு அடி. கடையிலிருந்த அனைவரும் அந்த எண்ணைத் திரும்பச் சொன்னார்கள். நம் பக்கத்து உழவர் வீடுகளில் பல் துலக்கும் முன்பே கேட்கப்படும் எண் அது. நானும் மகிழ்ந்தேன். நூற்றிருபது அடி நிரம்பட்டும் என்று எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறேன். அந்த எண் என் நாவில் முப்பது ஆண்டு வாழ்ந்தது. நிலத்தில் அது எந்தக் கோட்டில் வந்து நிற்கும் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. என் பிழை அங்கே தொடங்குகிறது.

கொளத்தூர் 12 கி.மீ. அங்கிருந்து ஒற்றைத் தடச் சாலையில் 9 கி.மீ., கடைசி ஒன்றரை கி.மீ. மண் தடம். 9.20க்கு இடம் வந்தது. வெண்சட்டை அணிந்த விற்பனையாளர் காத்திருந்தார்.

"வாங்க சார், வாங்கம்மா. லேக் ஃப்ரண்ட்னா இதுதான் லேக் ஃப்ரண்ட். காலைல எந்திரிச்சா காபி, கதவத் தொறந்தா போட்டு."

உள்ளபடியே அழகான இடம். தடத்தின் முடிவில் புளியமரம் நிற்கும் ஒரு மேடு. அதிலிருந்து அறுபது காலடி சரிவில் இறங்கினால் நான்கு வெள்ளை வீடுகள். நான்காவதன் முன்கூடத்திலிருந்து பத்துப் படிகள் நீருக்கு இறங்குகின்றன. கீழ்ப்படியின் ஓரத்தில் படகு கட்ட இரும்பு வளையம். பத்தாம் படியின் காலடியில் நீர் தளும்பிக்கொண்டிருந்தது. சின்னவன் அந்த வளையத்தைப் பிடித்துத் தொங்குவதை என் மனக்கண் கண்டுவிட்டது. தேன்மொழியோ, எந்த அறையில் பிள்ளைகளைப் படுக்க வைப்பது என்று முடிவே செய்துவிட்டார். சுவர்களில் இடுப்பளவுக்குப் புதிய நீல வண்ணம் பூசியிருந்தது. அதற்கு மேல் பழைய வெள்ளை. அழகுக்காக என்று எண்ணினேன்.

பக்கத்து மூன்றாம் வீடு பூட்டிக் கிடந்தது. அதன் கொடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. என் உள்ளங்கை இரண்டை அருகருகே வைத்தால் மறைத்துவிடும் அளவு.

"சின்னக் கொழந்தைங்களா?" என்றார் தேன்மொழி.

"ஆமாங்கம்மா. நல்ல பேமிலி. வெள்ளிக்கெழமை சாயந்தரமானா கார்ல வந்துருவாங்க. கொழந்த தண்ணிய உட்டு ஏறாது."

படகு வசதியைப் பார்க்க வேண்டும் என்றேன். மாரப்பன் என்ற மீனவரை விற்பனையாளர் கைதட்டி அழைத்தார். ஐம்பது அகவை இருக்கும். மேட்டிலிருந்து பரிசலை ஆமை ஓட்டைப் போல முதுகில் கவிழ்த்துச் சுமந்து வந்தார். ஆளுக்கு நூறு உருபா. விற்பனையாளர் கரையிலேயே நின்றுகொண்டார். செல்வராசும் எங்களோடு ஏறினார்.

எனக்கு நீந்தத் தெரியாது. இதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. கரை விலகியதும் காற்று வலுத்தது. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. விளிம்பைப் பற்றிய என் விரல்கள் வெளுத்தன.

"என்னங்கய்யா, மைக்கு முன்னால இடியாட்டம் பேசுவீங்க. இப்ப சத்தமே காணோம்" என்றார் செல்வராசு.

"தம்பி, அங்கே தரை அசையாது" என்றேன்.

மாரப்பன் சிரித்தார். "உக்காந்த எடத்துல இருங்க சாமி, அது போதும். பரிசல் கவுறாது. ஆளு எந்திரிச்சாத்தான் கவுறும்."

கரையிலிருந்து இருநூறு காலடித் தொலைவு சென்றிருப்போம். பரிசலின் அடியில் ஏதோ உரசியது. நீளமான, கரகரத்த ஓசை. நீருக்குள்ளிருந்து ஒரு கை பற்றியது போல் பரிசல் நின்றது. தேன்மொழி என் தோளைப் பிடித்துக்கொண்டார். மாரப்பன் துடுப்பால் உந்தி விலக்கினார்.

"ஒண்ணுமில்லீங்க. வேலிக் கல்லு."

"ஏரிக்குள்ளே வேலியா?"

"மாசியில இது காடுங்கய்யா. தண்ணி எறங்கறப்ப பின்னாலயே போயி சோளம் வெதப்போம். தண்ணி ஏறுறதுக்குள்ள அறுத்துட்டு ஏறிருவோம். இந்தக் கல்லு நான் நட்டதுதான்."

என் காலடியிலேயே ஒரு வேலி. அதற்கும் நான்கடி கீழே உழுத சால்கள். அவர் சொன்னது மிகச் சாதாரணமான செய்தி போல் இருந்தது. எனக்கோ அது புதிது. இந்த நீர்த்தேக்கத்தில் கரை என்று நாம் காண்பது அன்றைய நாளின் கரை மட்டுமே.

அக்கரை மணல்திட்டில் இறங்கி, காற்றுத் தணியும் வரை காத்திருந்து திரும்புவதற்குள் 12.40 ஆகிவிட்டது. இறங்கும்போது கால் வைத்த பத்தாம் படி நீருக்குள் இரண்டு விரல் ஆழத்தில் இருந்தது. மூன்று மணி நேரத்தில் இரண்டு விரல். யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மாரப்பன் பரிசலைக் கரையேற்றினார். அதை வளையத்தில் கட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவரோ முதுகில் கவிழ்த்துக்கொண்டு, நான்கு வீடுகளையும் தாண்டி, சரிவேறிப் புளியமரத்தடிக்குப் போனார். நானும் மூச்சு வாங்கப் பின்தொடர்ந்தேன். மேட்டில் மேலும் மூன்று பரிசல்கள் கவிழ்ந்து கிடந்தன. வலைகள், அடுப்புக்கல், ஆட்டுப்பட்டி, கோழிக்கூடு, எல்லாமே அங்கே. மேட்டிலிருந்து கீழே நோக்கினேன். சரிவில் அந்த நான்கு வீடுகளைத் தவிர ஒரு கோழிக்கூடுகூட இல்லை.

"நாளைக் காலையில் மறுபடி இறக்க வேண்டுமே. ஏன் இவ்வளவு தொலைவு சுமக்கிறீர்கள்?"

"ஆனி பொறந்தா மேலதாங்க வெப்போம். எங்கப்பன் காலத்துலருந்து அப்படித்தான். மேல தண்ணி தொறந்துட்டாங்கன்னா சொல்லீட்டா வரும்? வெடிஞ்சு பாத்தா பரிசலும் இருக்காது, வலையும் இருக்காது."

"தண்ணீர் எதுவரை வரும்?"

அவர் காலால் புளியமரத்தின் வேரைத் தொட்டுக் காட்டினார். "நூத்தியிருவதுன்னா இந்த வேருங்க."

பிறகு நீரோரமிருந்த கரும்பாறை ஒன்றைச் சுட்டினார். "அந்தப் பாற முழுகுச்சுன்னா நூத்திப் பதினாலு. அந்த நாலு ஊட்டு வாசப்படியும் அதே மட்டந்தான். பாற முழுகுனா தண்ணி உள்ள போயிரும்."

"இதை விற்பவரிடம் சொன்னீர்களா?"

"கட்டறப்பவே சொன்னமுங்க. 'உம்பட பரிசல நீ பாத்துக்கப்பா'ன்னு சொல்லிப் போட்டாரு. அந்த நீலப் பெயிண்டு ஏதுக்குன்னு நெனைச்சீங்க? போன தடவ தண்ணி நின்ன கறைய மறைக்கத்தாங்க."

அன்பிற்குரியோரே, அந்த நீலத்தின் உயரம் என் இடுப்பு. என் பேரனுக்கு அது கழுத்து.

கீழே இறங்கி விற்பனையாளரிடம் பட்டாவையும் நிலத்தின் எல்லை காட்டும் புலப்படத்தையும் கேட்டேன். தயங்கித்தான் கொடுத்தார். செல்வராசு மண் தடத்தை அடையாளம் வைத்துப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இந்தப் பட்டா நெலம் மேட்டோட முடிஞ்சு போச்சுங்க. ஊடு இதுல இல்ல."

தாளில் எழுதியிருந்தது புளியமரத்து மேடு. கட்டியிருந்தது நீர்த்தேக்கத்தின் படுகையில். நமக்குச் சொந்தமாகப் போகும் நிலத்தில் பரிசல் உறங்குகிறது. நம் பிள்ளைகள் உறங்க வேண்டிய வீடு ஏரிக்குள் நிற்கிறது.

"சார், எப்பவாச்சும் நாலு நாள் தண்ணி வரும். கீழ கட்டுனாத்தான் வியூ. மேல கட்டுனா யாரு வாங்குவா?" என்றார் அவர், சிறிதும் குரல் மாறாமல்.

"மூன்றாம் வீட்டாருக்கு இது தெரியுமா?"

"அது அவங்க பாடு சார்."

"அவர்கள் எண்ணைக் கொடுங்கள். நான் சொல்கிறேன்."

"கஸ்டமர் நம்பர் எல்லாம் குடுக்க முடியாதுங்க."

தேன்மொழி அவரை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். "உங்க கொழந்தைய இங்க ஒரு வாரம் படுக்க வெப்பீங்களா?" விற்பனையாளர் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மூன்றாம் வீட்டின் கதவிடுக்கில் என் பெயரும் எண்ணும் எழுதி, 'வீட்டில் தங்காதீர்கள், மேட்டுக்குப் போங்கள்' என்று ஒரு தாளைச் செருகினேன். நீர் வாசலேறினால் முதலில் நனைவது அந்தத் தாள்தான் என்பது வண்டியில் ஏறிய பிறகே உறைத்தது. மறுபடி இறங்கிப் போய், அவர்கள் வந்தால் சொல்லும்படி மாரப்பனிடம் வேண்டிக்கொண்டேன். "வந்தா சொல்றனுங்க சாமி. ஆனா நான் அக்கரையில வலையில கெடந்தா பாக்க முடியாதுங்களே" என்றார். ஊர் நிருவாக அலுவலரிடம் திங்களன்று எழுத்தில் கொடுத்தேன். வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பயணத்திற்குக் கிளம்பவிருப்போருக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நீர்த்தேக்கக் கரையில் வீடு பார்க்கும் நாளில் வீட்டை முதலில் பார்க்காதீர்கள். மீனவர் ஆனி, ஆடியில் தம் பரிசலை எங்கே கவிழ்க்கிறார் என்று பாருங்கள். அதற்கும் கீழே இருக்கும் எந்தச் சுவரும் வீடன்று. அணை நிரம்பினால் நீர் எதுவரை வரும் என்று விற்பவரைக் கேட்காமல் அங்கே மீன் பிடிப்பவரைக் கேளுங்கள். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நில அளவரை அழைத்துச் சென்று எல்லைக்கல்லைத் தொட்டுப் பாருங்கள். இடுப்புயரத்தில் மட்டும் புதுவண்ணம் இருந்தால் சுரண்டிப் பாருங்கள். காற்றடிக்கும் நாளில் மிதவைச் சட்டையின்றிப் பரிசல் ஏறாதீர்கள். நான் ஏறியது மடமை. ஏரி வேண்டுமென்றால் மேட்டில் குடியிருந்து அறுபது காலடி நடங்கள். படகுக்கு நடப்பது இழிவன்று; மாரப்பன் படகைச் சுமந்துகொண்டே நடக்கிறார்.

பேரப்பிள்ளைகளிடம் வீடு இல்லை என்று சொல்லிவிட்டோம். சின்னவன் அழுதான். அழட்டும், அவன் அழும் குரல் கேட்பதே எனக்கு ஆறுதல்.

ஞாயிறன்று நூற்றெட்டு. இன்று புதன், காலைச் செய்தியில் நூற்றுப் பன்னிரண்டு. முப்பது ஆண்டுகளாக எந்த எண் ஏறவேண்டும் என்று முழங்கினேனோ, அந்த எண் ஏறுவதைக் கேட்டு இன்று நடுங்குகிறேன். இன்னும் இரண்டு அடி. இன்னும் இரண்டு நாள். வெள்ளி மாலை ஒரு மகிழுந்து அந்த மண் தடத்தில் இறங்கும். மஞ்சள் மிதவைச் சட்டைக்குரிய குழந்தை முதலில் குதித்தோடும்.

இதைப் படிக்கும் உங்களில் ஒருவருக்கு அவர்களைத் தெரிந்திருக்கும். அலுவலகத்தில் அருகிருப்பவராக இருக்கலாம், உறவினராக இருக்கலாம், கொளத்தூருக்கு அப்பால் வெள்ளை வீடு வாங்கியதாக உங்களிடம் நிழற்படம் காட்டியவராக இருக்கலாம். இந்தப் பக்கத்தை மூடுங்கள். கைப்பேசியை எடுங்கள். "இந்த வெள்ளி போகாதீர்கள்" என்று அவர்களிடம் இப்போதே சொல்லுங்கள்.