அக்காவின் நிறத்துக்கு ஒரு காகிதம்

அந்தக் கடைக்காரரிடம் நான் கத்தியிருக்கக் கூடாது. பினாங்கு ரோட்டில் படியேறிப் போகும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை. நடத்தியவர் ஒரு தமிழ் முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது இளையவர். தொண்ணூறுகளின் கடைசி அது. நெகட்டிவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, இங்க்ஜெட் பிரின்டரில் பெரிய தாளில் அடித்துத் தருவார். திரையில் என் அக்காவின் முகம் வந்ததும் நல்லெண்ணத்தில்தான் கேட்டார்.

"அண்ணே, முகம் ரொம்ப டார்க்கா இருக்கு லா. கொஞ்சம் பிரைட் பண்ணிடவா?"

"கை வெச்சீங்க, அப்புறம் தெரியும் சேதி!"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவருக்கு என்ன தெரியும்? இதே முகத்தை ஒருமுறை வெளுக்க வைத்த மகாபாவிதான் எதிரில் நிற்கிறான் என்று யார் அவருக்குச் சொன்னார்கள்?

அது எழுபதுகளில் நடந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்த குடும்பம். நானும் அக்காவும் இந்த ஊர்த் தமிழுக்கு மாறிவிட்டாலும் அம்மா தன் பேச்சை விடவில்லை. அக்கா நல்ல கறுப்பு. எனக்கோ போட்டோப் பைத்தியம். குளியலறை ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கி, படங்களை நானே கழுவுவேன், நானே பிரின்ட் போடுவேன். தைப்பிங் ஊரிலிருந்து ஒரு வரன் வந்து, பெண்ணின் படம் கேட்டார்கள். அம்மா குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக் காட்டடா."

அது ஒன்றும் பெரிய வித்தை கிடையாது. பிரின்ட் போடும்போது முகத்தில் விழும் வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் மறைத்தால், காகிதத்தில் அந்த இடம் வெளுத்துவிடும். கம்பி நுனியில் ஐம்பது காசு அகல அட்டை ஒன்றை ஒட்டி, அக்காவின் முகத்துக்கு மேல் ஆட்டிக்கொண்டே இருந்தேன். ரொம்பச் சுத்தமாக வந்தது. எனக்கு ஒரே பெருமை.

மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்தார்கள். அக்கா டீ கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் தாய் கைப்பையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "படத்திலை இருக்கிறது தங்கச்சியோ?" என்று கேட்டாள். படத்தை மேசையில் வைத்தாள். வடையைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

அவர்கள் போன பிறகு, டீக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள்: "நீ நல்லாத்தான் பிரின்ட் போட்டே தம்பி. நான்தான் அதே மாதிரி வரல."

என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு எந்த வரனுக்கும் படம் அனுப்ப அவள் சம்மதிக்கவில்லை. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் ஃபெர்ரியில் போய் வந்தாள். ஒருநாள் காலை நானும் கேமராவோடு கூடப் போனேன். காற்றில் அவள் குடை பின்பக்கமாக மடங்கிக்கொண்டது. அதைப் பார்த்து அவளே சிரித்தாள். எடுத்தேன். எதையும் மறைக்காமல் சின்னதாக ஒரு பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். வெகுநேரம் வைத்துப் பார்த்தாள்.

"இதுதான் லா நான். ஒரு நாளைக்கு இதைப் பெருசாப் போட்டு நம்ம வீட்டுல மாட்டு, தம்பி."

சரிக்கா என்றேன். இருபது வருஷம் சரிக்கா, சரிக்கா என்றே ஓட்டினேன். எனக்குக் கல்யாணம், பிள்ளைகள், தனி வீடு. அக்கா அம்மாவோடு இருந்தாள். மார்பில் கட்டி என்றார்கள். ஆறே மாதத்தில் போய்விட்டாள். வீட்டில் மாலை போட்டு வைக்க அம்மா பெட்டியிலிருந்து தேடி எடுத்தது, தைப்பிங் வரனுக்கு அனுப்பிய அந்தப் படத்தை. வந்தவர்கள் எல்லாம் "என்ன வடிவு" என்றார்கள். அதைக் கழற்றுங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. எப்படிக் கத்துவது? அது என் கைவேலை.

அடுத்த வருஷம் எங்கள் போட்டோ கிளப்பில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். பிரின்ட் போடும் என் பழைய சாமான்கள் துருவேறிக் கிடந்தன. ஃபெர்ரி நெகட்டிவை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கண்காட்சி முடிந்ததும் படம் நேரே அம்மா வீட்டுச் சுவருக்கு. அக்கா கேட்டது அவ்வளவுதான்.

மூன்று சனிக்கிழமை காகிதம் பார்த்தோம். பளபளப்புத் தாளில் கறுப்பு ஆழமாக விழுந்தது. ஆனால் கன்னம் எண்ணெய் பூசியது போல மின்னியது, நிழல்கள் பச்சையடித்தன. கறுப்பு மையோடு கலர் மையும் கலந்து அடிப்பதால் அப்படி என்றார் கடைக்காரர். சாதா மேட் தாள் மையை உறிஞ்சிப் புருவத்தையும் கண்ணையும் ஒன்றாக்கியது. மூன்றாவது தாளில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தன. அக்கா மட்டும் சாம்பல் பூத்துப்போய், ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த முகமாக இருந்தாள்.

நான்காவது, தடித்த தாள். தொட்டால் பருத்தித் துணி. பிரின்டர் அதை அங்குலம் அங்குலமாக வெளியே தள்ளியது. முதலில் தலைமுடி, பிறகு நெற்றி. முடியின் கறுப்பு வேறு, நெற்றியின் கறுப்பு வேறு. மூக்குத் தண்டில் காலை வெயில். அக்கா! கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

"அண்ணே, இது புதுசா வந்த பேப்பர். மை எத்தனை நாளு நிக்கும்னு என்னால கேரண்டி கொடுக்க முடியாது. அந்த மூணாவது பேப்பர்ல அடிச்சது என் கதவுல ஒரு வருஷமாத் தொங்குது, ஒண்ணும் ஆகல. அதையே எடுங்க லா."

"இதுதான் வேணும்" என்றேன். முதல் நாள் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

கண்காட்சியில் நிறையப் பேர் அந்தப் படத்தின் முன் நின்றார்கள். பிறகு அதை அம்மா வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். அம்மா ஒரு தடவை பார்த்துவிட்டு, "கறுத்துப்போய் நிக்கிறாள்" என்று உள்ளே போனாள்.

"அவ அப்படித்தாம்மா இருந்தா" என்றேன்.

சில மாதங்களில் முடி லேசாகச் செம்பட்டையானது. கண்ணாடியில் தூசு என்று நினைத்துத் துடைத்தேன். பிறகு கழுத்து, பிறகு கன்னம். சாயங்கால வெயில் நேரே அதன் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. மாட்டியவன் நான். சொன்ன பேச்சைக் கேட்காத மடையனும் நானேதான். தீபாவளிக்குப் போனபோது முகம் வெளிறி, ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. ஃபிரேமின் மேல் புதிதாக மல்லிகைச் சரம். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன் முன் நிறுத்தினாள்.

"பாரடா. இப்பதான் பிள்ளை வடிவா இருக்கிறாள்."

"மை போயிருச்சும்மா. கழட்டிக் கொடுங்க, வேற பேப்பர்ல போட்டுக் கொண்டாறேன்."

கையை நீட்டினேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"வேண்டாமடா. இந்த நிறத்திலை பிறந்திருந்தா என்ரை பிள்ளை புருசன் பிள்ளைகளோடை இருந்திருப்பாள். இப்பிடியே இருக்கட்டும்."

கடைக்காரரிடம் அந்தக் கத்துக் கத்திய எனக்கு, அம்மாவிடம் ஒரு வார்த்தை வரவில்லை. நீட்டிய கையை இறக்கிக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும், அக்கா இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தாள்.