பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும்

செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு மெட்ராஸ் ஐ வந்த வாரத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்கவும் வந்தார்கள். பள்ளியிலிருந்து நோயைக் கொண்டுவந்தது நான். என்னிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து அம்மாவுக்கு, கடைசியாக சனிக்கிழமை காலையில் அக்காவுக்கு.

பிள்ளை வீட்டார் பம்பாயில் குடியேறிய தமிழர்கள். வரவேண்டாம் என்று சொல்லலாமென்றால் அதற்குள் ரயிலேறியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அம்மா அழுதாள். அழுதால் கண் இன்னும் எரியும் என்று அப்பா அதட்டிவிட்டு, தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்தார். என்னுடையது மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

மெட்ராஸ் ஐ வந்தவர் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது தெருவே அறிந்த உண்மை. பார்ப்பதற்கென்றே அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்களை என்ன செய்வது?

மறுநாள் மாப்பிள்ளை தன் அப்பா அம்மாவோடு வந்தார். கறுப்புக் கண்ணாடியில் வரிசையாக நின்ற எங்களைக் கண்டு, வீடு மாறிவிட்டதோ என்று அவருடைய அப்பா வாசலிலேயே தயங்கினார். அப்பா நிலைமையைச் சொல்லி உள்ளே அழைத்தார். அக்கா தட்டோடு வந்தாள். கண்ணாடிக்குள் பாதிதான் தெரிந்திருக்க வேண்டும். காலி நாற்காலி ஒன்றின் முன் குனிந்து காபியை நீட்டினாள்.

மாப்பிள்ளை எழுந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். முதலில் சிரித்தது அக்காதான். பிறகு வீடே சிரித்தது.

எண்ணெய்ப் புகை கண்ணுக்கு ஆகாது என்று மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜிச் சட்டியை இறக்கச் சொல்லிவிட்டு, அவல் இருக்கிறதா என்று கேட்டார். உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் போட்டுத் தாளித்து, மேலே எலுமிச்சை பிழிந்து சர்க்கரையும் தூவினார். உப்புமாவில் சர்க்கரையா என்று முகம் சுளித்த நாங்கள் மறுபடியும் தட்டை நீட்டினோம். அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் தெருவில் ‘பம்பாய் அவல்’ கிளறாத வீடில்லை.

இருவரும் கொல்லையில் பேசட்டும் என்றார்கள். துணைக்கு நான்.

“கண்ணாடிய கழட்டுங்களேன். பாக்கத்தானே வந்திருக்கேன்.”

“பாத்தா உங்களுக்கும் வந்துடும்.”

“வரட்டும்.”

அக்கா கழற்றினாள். அவர் அதை வாங்கித் தான் மாட்டிக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்துத் தெருமுனை மருந்துக் கடைக்கு பம்பாயிலிருந்து போன் வந்தது. அக்கா ஓடினாள், பின்னாலேயே நானும். அவருக்குக் கண் சிவந்து, அவரிடமிருந்து பக்கத்து வீட்டு குஜராத்திக் குடும்பத்துக்குப் போய், இப்போது அந்தக் கட்டடமே கறுப்புக் கண்ணாடியில் திரிகிறதாம். அதன்பிறகு அவர் என்ன சொன்னாரோ, அக்கா “ம்” என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

திரும்பும்போது அவளைப் பார்த்தேன். கண் என்றைக்கோ வெளுத்திருந்தது. ஆனால் கன்னமும் காதும் செக்கச்செவேலென்று இருந்தன. நான் முன்னால் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்:

“அக்காவுக்குத் திரும்ப வந்துடுச்சும்மா. போன்லயே ஒட்டிக்கிச்சு.”

அம்மா மருந்தைத் தேடவில்லை. பின்னால் வந்த அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அரைக் கிலோ ரவை வாங்கிவரச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பினாள். நோய் திரும்பி வந்ததற்கு எதற்காகக் கேசரி கிளறுகிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.