சாகாத எலிகள்

எங்க செடி ஆராய்ச்சிக் கட்டடத்துல அவரு பேரு எலி மாமா. பின்கட்டுக் கூண்டு எலிக்குத் தீனி போடறவரு. மனுஷங்ககிட்ட உம்முன்னு இருப்பாரு, எலிகிட்ட வாய் ஓயாது. அவருக்குச் சாயங்கால வேலை. கூண்டு கழுவற எனக்குக் காலை வேலை. பாத்துக்கறதே அபூர்வம்.

அந்த வருஷம் ஒரு காட்டுக்கொடி வந்துச்சு. வேலி வேலியாத் தொத்தி ஏறும்; பட்டாணி அளவுல செக்கச்செவேல்னு பழம். இலையை அழுத்திக் காயவெச்சாங்க, பூவை நறுக்கிப் பாத்தாங்க, கடைசியில பழத்தை எலிக்கு அனுப்பினாங்க. கட்டியைக் கரைக்குதான்னு பாக்கணுமாம். மாமாவுக்கு அது போதாதா? அவரு சம்சாரத்துக்கு வயித்துல கட்டி.

அறுத்தா பொழைச்சுக்குவாங்கன்னு ஆஸ்பத்திரியில தேதியே குடுத்துட்டாங்க. அந்த அக்காவுக்குக் கத்தின்னா குலை நடுக்கம். பொண்டாட்டி அழுதா அந்த மனுஷனுக்கு மூளை வேலை செய்யாது.

ஆனாலும் கண்ணை மூடிட்டுக் குடுக்கலை. பழத்தை இடிச்சுத் தீனியில பிசையறதே அவருதானே, ரெண்டு வாரம் கவனிச்சாரு. எப்பப் போனாலும் கூண்டு நெறைய எலி துள்ளிட்டுத் திரியுது. எப்படித் திரியாம இருக்கும்? செத்ததைக் காலையில நான் எடுத்து, கணக்கை ஆபீஸ்ல குடுத்துட்டுப் புது எலி விட்டுடுவேன். வெள்ளை எலி, எல்லாம் ஒரே மூஞ்சி.

கஷாயம் வெச்சுக் குடுத்திருக்காரு. வாந்தி, பேதி, ரத்தமாப் போய், குடுத்த தேதிக்கு முன்னாடியே அக்கா போயிட்டாங்க.

துக்கம் கேக்கப் போனப்பதான் எனக்கு இதெல்லாம் தெரியும். "கட்டி முத்திப்போச்சும்மா. முன்னாடியே அந்தப் பழத்தைக் குடுத்திருந்தா பொழைச்சிருப்பா"ன்னாரு. அப்ப அவரு பொண்ணு டம்ளரோட வந்து பக்கத்துல உக்காந்தா.

"இவளுக்கும் இன்னிக்கு ஆரம்பிக்கறேன். அம்மா மாதிரி ஆயிடக் கூடாதில்ல."

டம்ளரைப் பிடுங்கி முத்தத்துல கொட்டினேன். மாமா பதறிட்டாரு. "புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? என் கையால போடறேன், ஒரு எலிகூடச் சாகலை."

சொல்லலைன்னா பொண்ணு போயிடும். சொன்னா இவரு உயிரோட இருந்தும் இல்லாத மாதிரிதான். இந்தப் பாவத்தைச் சொல்ல வேற நாதியும் இல்லை.

"செத்ததைக் காலையில அள்ளிப் போடறது நான்தாண்ணே."

பொண்ணு முகத்தையே பாத்துட்டு இருந்தாரு. அப்பறம் மெதுவாக் கேட்டாரு, "தினமுமா?"

"தினமும்"னேன்.