ஒற்றைப் பாலத்து ஊர்

அமெரிக்காவில் எடிசன் நகரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவைவிட ஜாவா தீவின் கடற்கரையில் இருக்கும் ஒரு கிராமத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நான் அங்கே போனதே இல்லை. எல்லாம் என் கணவர் சொல்லிக் கேட்டது. அமெரிக்கா வருவதற்கு முன் அவர் ஜகார்த்தாவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். கூட வேலை செய்த உள்ளூர்க்காரர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இவர் மனசை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஊர் இதுதான்: ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் நெல்வயல். நெடுஞ்சாலைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு ஆறு. அதன்மேல் ஒரே ஒரு பாலம். லாரி வந்தால் மோட்டார் சைக்கிள் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். உள்ளே ஒரு பள்ளிவாசல், ஒரு நெல் அரைக்கும் மில், ஒரு கடை. அரிசி, மண்ணெண்ணெய், ஆணி, இருமல் மருந்து எல்லாம் அந்தக் கடையில்தான். ஊரில் தொலைபேசி இருந்ததும் அங்கேதான். கடைக்குப் பின்னால் ஆரம்பிக்கும் தென்னந்தோப்பு கடல் மணல் வரைக்கும் போகும். அந்தத் தோப்பில்தான் எங்கள் மனை வரப்போகிறது என்று என் கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வார். பக்கத்தில் துறைமுகம் வரப் போகிறதாம், ஓட்டல்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.

"ஒரே பாலம், அது ஒண்ணுதான் குறை," என்பார். "ரெண்டாவது பாலம் மட்டும் வந்துடட்டும், அப்புறம் விலையைப் பாரு."

குளியலறைக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்ய ஆறு மாதமாக நேரம் கிடைக்காத மனிதர், கடல் கடந்து பாலம் கட்டிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றெட்டில் அந்த நாட்டுப் பணம் சரிந்து விழுந்தது. டாலரில் சம்பளம் வாங்குகிற எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள்கூடக் கடற்கரையில் நிலம் கேட்கலாம் என்ற நிலைமை. வெளிநாட்டுக்காரன் பெயரில் அங்கே நிலத்தை எழுத மாட்டார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி, அவரோடு தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு அந்தக் கடைக்காரர் சம்மதித்திருந்தார். மே மாதம் லீவு போட்டுவிட்டு இவர் கிளம்பினார்.

கிளம்பும்போது என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினார். பத்திரம் பதிகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. அவர்கள் வீட்டில் அது வேதவாக்கு. நிலம் பார்ப்பதை முன்கூட்டியே சொன்னால் கண் பட்டு, கைக்கு வந்தது நழுவிவிடும். புது கம்ப்யூட்டருக்கே எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டவர் அவர். கேட்பவர்களிடம் டல்லஸில் ஒரு கிளையன்ட் வேலை என்று சொல்லிவிடச் சொன்னார். எங்கள் ஐந்து வயது மகளிடமும் அதையே சொன்னேன். குழந்தை வாயில் எது நிற்கும்?

போன புதிதில் கடைத் தொலைபேசியிலிருந்து இரண்டு தடவை பேசினார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் கலவரம் வெடித்து ஜகார்த்தா எரிய ஆரம்பித்தது.

முதலில் டிவியில் பார்த்தபோது, நகரம்தானே, இவர் எங்கேயோ கிராமத்தில் இருக்கிறார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அடுத்த நாள், சின்ன ஊர்களிலும் கடைகளை உடைக்கிறார்கள் என்றார்கள். நான் அந்தக் கடை எண்ணுக்கு அடித்தேன். பதிவு செய்து வைத்த ஒரு பெண்குரல் அந்த ஊர் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு நின்றுபோனது. மறுபடி அடித்தேன். அதே குரல், அதே மரியாதை. அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

சோறு இறங்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றுவிடுவேன், பொங்கி வழிந்த பிறகு வாசனைதான் என்னை எழுப்பும். அவருடைய விசாவின் நிழலில்தான் நானும் இந்த நாட்டில் இருந்தேன். எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் இங்கே நான் யார், எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு எந்த விமானத்தில் ஏறுவது என்றெல்லாம் மனசு ஓடியது. அப்படி ஓடுகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. இதையெல்லாம் சொல்லி அழ ஒரு ஆள் இல்லை. இங்கே மளிகைக் கடையில் பார்த்தவர்கள், "என்ன, சார் டல்லஸ்ல வெயில்ல காயறாரா?" என்று கேட்டபோது சிரித்தேன்.

எங்களுக்குக் கீழ் வீட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். என் வயதுதான். அவள் கணவரும் என் கணவரைப் போலவே கம்ப்யூட்டர் வேலை. அந்த வாரம் அவர் கலிஃபோர்னியாவுக்கு ஆபீஸ் விஷயமாகப் போயிருப்பதாகச் சொன்னாள். ஒரு நாள் உறை மோர் கேட்டு மாடிக்கு வந்தாள். மறுநாள் புளி. அதற்கு அடுத்த நாள் கறிவேப்பிலை, அதுவும் அவள் வீட்டு ஜன்னலோரத்திலேயே செடி வைத்திருக்கும்போது. கேட்டதை வாங்கிக்கொண்டு போகவும் மாட்டாள். "உங்க வீட்டுல கேபிள் இருக்குதுங்களே, கொஞ்சம் பார்த்துட்டுப் போறேன்," என்று சோபா ஓரத்தில் உட்கார்ந்துகொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவள் போனால்தானே நான் அழ முடியும், போன் அடிக்க முடியும். அவள் பாட்டுக்குக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஜகார்த்தாவையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்வம்பு பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமும் அப்படித்தான். திரையில் ஒரு தெரு முழுக்கக் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. எரியாத கடைகளின் ஷட்டரில் பெயின்டால் ஏதோ எழுதியிருந்தது. கும்பல் தேடி எரிப்பது சீன வம்சத்தவர்களின் கடைகளை, அதனால் உள்ளே இருப்பவர்கள் சீன வம்சத்தவர்கள் அல்ல என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். தரையில் படம் வரைந்துகொண்டிருந்த என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள்.

"அம்மா, இஸ் தட் டல்லஸ்?"

குழந்தையை உள்ளே போய் விளையாடச் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். கீழ் வீட்டுக்காரி என்னையே பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் டல்லஸ்லதானுங்களே இருக்கார்?"

"இல்ல," என்றேன். "அங்க இருக்கார்." டிவியைக் காட்டினேன்.

அவள் மடியிலிருந்த கிண்ணம் கார்ப்பெட்டில் உருண்டது.

"எங்க ஊட்டுக்காரரும் அங்கதானுங்க."

நாளையும் ஊரையும் ஒப்பிட்டுப் பார்த்தோம்: இரண்டு பேரும் ஒரே விமானத்தில் போயிருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து மனை. இரண்டு பேரும் அவரவர் மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, இன்னொருவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறார்கள். நாங்களும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஒரே நெருப்பைப் பார்த்து, டல்லஸ் வெயிலையும் கலிஃபோர்னியாவின் குளிர் காற்றையும் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தோம். வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

ஆனால் பயம் பங்கு போட்டால் குறையும் என்பதெல்லாம் சும்மா. அவளுக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தபோது வந்தது பெரிய பயம். நிலம் கடைக்காரர் பெயரில் பதிவாகப் போகிறது என்று எனக்குத் தெரியும். தங்கல் அந்தக் கடையின் பின்கட்டில்தான் என்பது அவளுக்குத் தெரியும். கடைக்காரர் சீன வம்சத்தவர் என்று அவள் கணவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அந்த ஊரிலேயே அவர்கள் ஒரு குடும்பம்தான்.

நியூயார்க்கில் இருந்த நம் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்குப் போன் செய்தோம். பெயர், பாஸ்போர்ட் விவரமெல்லாம் கேட்டுவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னோம். வரைபடத்தில் அப்படி ஒரு ஊர் இல்லையே என்றார் அங்கிருந்தவர். ஓட்டல் வரும், துறைமுகம் வரும், விலை ஏறும் என்று எங்கள் சமையலறையில் அத்தனை நாள் இருந்த ஊர், யாருடைய வரைபடத்திலும் இல்லை.

அதற்குப் பிறகு அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு மேலேயே வந்துவிட்டாள். மாறி மாறி அந்த எண்ணுக்கு அடித்தோம். அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான ஊரை மனசுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். கும்பல் வந்தால் எந்த வழியாக ஓடுவார்கள்? ஒரு பக்கம் கடல். வயலில் ஒளிய மறைவு கிடையாது. வெளியே போக ஒரே பாலம், கும்பல் வருவதும் அதே பாலத்தில்தான். விலை ஏறாததற்கு அவர் சொன்ன காரணம்தான் இப்போது அவர்களை உள்ளே அடைத்து வைத்திருந்தது.

ஒரு மாலை, இங்கே விளக்கு வைக்கும் நேரம், அங்கே விடிகிற நேரம், தொலைபேசி அடித்தது.

"நான்தான்," என்றார். "கீழ் வீட்டுக்காரரும் என்கூடத்தான் இருக்கார், ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். அவங்க வீட்டுலயும் சொல்லிடு."

"இங்கதான் இருக்காங்க," என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நெடுஞ்சாலையில் லாரிகளில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்களில் கடைகளை எரித்துவிட்டு இந்த ஊருக்கும் திரும்பியிருக்கிறார்கள். அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் கடைக்காரர் குடும்பத்தையும் இவர்கள் இருவரையும் மில்லுக்குள் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, மாட்டுவண்டிகளையும் தென்னை மரத்துண்டுகளையும் பாலத்தின் குறுக்கே போட்டு, பள்ளிவாசல் பெரியவரை முன்னால் நிறுத்திக்கொண்டு நின்றிருக்கிறார்கள். குறுகிய பாலம், அதை அடைத்ததும் லாரி நுழைய வழியில்லை. கொஞ்ச நேரம் கத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். இரண்டாவது பாலம் இருந்திருந்தால் அவர் குரலை நான் கேட்டிருக்க மாட்டேன்.

நூவர்க் விமான நிலையத்தில் அவரைப் பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது, தாடி வளர்ந்திருந்தது. மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். நான் கோபத்தையெல்லாம் வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"கடைக்காரர் பயந்து போயிருக்கார். எல்லாத்தையும் வித்துட்டு சிங்கப்பூர் போயிடறேன்றார். அவர் பங்கும் சேர்த்து தோப்பு மொத்தமும் பாதி விலைக்கு வரும், வேற உள்ளூர்க்காரர் பேர்ல எழுதிக்கலாம். இப்ப விட்டா கிடைக்காது. அடுத்த மாசம் ஒரு தடவை போய்ட்டு வந்துடறேன்."

மில்லுக்குள் அந்த மனிதரின் பக்கத்தில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தவர், அவருடைய பயத்துக்கு விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். லாரிக்காரர்களைவிட இவர் எனக்கு அப்போது அந்நியமாகத் தெரிந்தார். அழுதாலும் சண்டை போட்டாலும் கேட்கிற ஆள் இல்லை. அவர் பயப்படுகிற விஷயம் உலகத்தில் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை பிஸ்கட்டவேயில் ஒரு வீட்டில் பிறந்தநாள் விருந்து. எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. அவர் தட்டில் பிசிபேளாபாத்தை வைத்துக்கொண்டு நின்றார். நான் அந்த வீட்டுப் பெரியவரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினேன்.

"அங்கிள், இவர் இந்தோனேஷியால நிலம் வாங்கப் போறார். கடற்கரையில, ஒரு தென்னந்தோப்பே."

உடனே ஒரே கேள்வி மயம். எந்த ஊர், எவ்வளவு பெரிசு, எங்களுக்கும் சொல்லக் கூடாதா. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: கடல், வயல், மில், வரப் போகும் துறைமுகம், ஓட்டல், ஒற்றைப் பாலம் வரைக்கும். அவரிடம் கேட்ட மாதிரியே, அவருடைய ஆசையோடேயே சொன்னேன். "குடுத்து வெச்சவங்க," என்று ஒரு ஆன்ட்டி பெருமூச்சு விட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து கீழ் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"எங்களுதும் பக்கத்து மனைதானுங்க," என்றாள் எல்லாரையும் பார்த்து.

இரண்டு ஆண்களும் தட்டைப் பிடித்தபடி நின்றார்கள். ஒருவரும் அதற்குமேல் சாப்பிடவில்லை.

திரும்பி வரும்போது காரைச் சிக்னலில் நிறுத்திவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"இத்தனை பேர் கண்ணு பட்டாச்சு. இனிமே அந்த நிலம் நமக்கு இல்ல."

"அதுக்குத்தான் சொன்னேன்," என்றேன்.